வியாபாரக் குறியும் அதன் பாதுகாப்பும்: சிங்க இலச்சினை ஓர் உதாரணம்

1867 இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கை அங்கிருந்தே ஆரம்பமாகியது. 1972 இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் "சிலோன் தேயிலை" என்ற பெயர் உலகச் சந்தையில் நிலைத்துள்ளது. வேறு நாட்டு மலிவான தேயிலையைக் கலந்து இதே பெயரில் விற்றால் நுகர்வோர் ஏமாற்றப்படுவர். பெயரின் மதிப்புக் குறையும்போது அந்நட்டம் கொழுந்து பறிப்பவர் வரை வந்து சேரும். இதனைத் தடுக்க உதவும் சட்டக் கருவிகளுள் ஒன்றே வியாபாரக் குறி.

வரைவிலக்கணம்

ஒரு நிறுவனத்தின் பொருள்களை ஏனைய நிறுவனங்களின் பொருள்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டும், கண்ணுக்குப் புலப்படும் குறியீடு வியாபாரக் குறி எனப்படும். சொல், எழுத்து, எண், படம், நிறச் சேர்க்கை என்பன குறியாக அமையலாம். சேவைகளுக்குரியது சேவைக் குறி ஆகும்.

சட்டப் பாதுகாப்பு

1. உரிய சட்டம்: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்.
2. பதிவு செய்யும் நிறுவனம்: தேசிய புலமைச் சொத்து அலுவலகம்.
3. தனிநபரும் நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்ட குறி வர்த்தமானியில் பிரசுரிக்கப்படும். ஆட்சேபிக்க விரும்புவோர் 3 மாதங்களுக்குள் ஆட்சேபிக்கலாம்.
4. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பின்னர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

பதிவு செய்ய முடியாதவை

பொருளின் வகை, தரம், உற்பத்தியான இடம் என்பவற்றை மட்டும் கூறும் சொற்கள், மக்களைத் தவறாக வழிநடத்தும் குறிகள், பிறரது பதிவு பெற்ற குறியை ஒத்தவை என்பன ஏற்கப்படமாட்டா. எனவே "கண்டித் தேயிலை" என்ற சொல்லை மட்டும் ஒரு வியாபாரி தனக்கே உரியதாக்க முடியாது. கண்டியில் உற்பத்தி செய்யும் அனைவருக்கும் அச்சொல் தேவை.

சிங்க இலச்சினை

வாளேந்திய சிங்கம் பொறித்த இலச்சினையின் உரிமையாளர் இலங்கைத் தேயிலைச் சபை ஆகும். இதனைப் பயன்படுத்தச் சபையின் அனுமதி வேண்டும். பொதியில் 100% இலங்கைத் தேயிலையே இருத்தல், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருத்தல், சபையின் தர நியமங்களுக்கு அமைதல் என்பன நிபந்தனைகள்.

கவனத்திற்கு

மாணவர்கள் பலர் வியாபாரப் பெயர்ப் பதிவையும் குறிப் பதிவையும் ஒன்றெனக் கருதுகின்றனர். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த ஒருவருக்கு, பொதியிலுள்ள குறி மீது அதனால் தனியுரிமை கிடைப்பதில்லை. குறியைத் தனியாகப் பதிதல் வேண்டும்.

பயிற்சி

வினா: வெளிநாட்டு நிறுவனமொன்று தூய இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கித் தனது நாட்டில் பொதி செய்கிறது. அப்பொதியில் சிங்க இலச்சினையை இடலாமா? காரணம் தருக.

விடை: இடமுடியாது. தேயிலை தூயதாயினும் இலங்கையில் பொதி செய்யப்படவில்லை. பொதியிடலால் கிடைக்கும் வேலைவாய்ப்பும் பெறுமதி சேர்ப்பும் நாட்டிற்குள்ளேயே இருக்க இந்நிபந்தனை உதவுகின்றது.