கட்டிப் போட்டால் அடங்குமா?

சேலம் சூரமங்கலத்தில் மெத்தபெட்டமைன் என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் சென்னை, பெங்களூர்லங்க. நம்ம பக்கம் கஞ்சா, மிஞ்சிப் போனா வலி மாத்திரை" என்று பதில் வரும். முதல் தப்பு நம்பிக்கையே இதுதான். ஜங்ஷனில் தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்து நின்றால் போலீஸ் பெட்டி பெட்டியாக ஏறிக் கஞ்சா தேடுவது நமக்குப் பழகிய காட்சி. மூட்டையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு மெத் எளிதில் படாது. உடைத்த கற்கண்டு மாதிரி இருக்கும், சட்டைப் பையில் ஒரு சின்ன கவரில் அடங்கிவிடும். பிள்ளைகள் 'ஐஸ்', 'கிரிஸ்டல்' என்பார்கள். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரு மியான்மர் படகிலிருந்து கடலோரக் காவல்படை பிடித்தது ஏறக்குறைய 6,000 கிலோ. சட்டம் 'சிறு அளவு' என்று வைத்திருப்பது 2 கிராம். அப்படிக் கணக்குப் போட்டால் அந்த ஒரு படகில் மட்டும் முப்பது லட்சம் பொட்டலம். பெங்களூரிலிருந்து நாலு மணி நேரத்தில் எட்டிவிடுகிற ஊருக்கு அது வராது என்று நம்பியிருப்பது நல்லதல்ல.

"ரொம்பத் துள்ளறான், கையைக் காலைக் கட்டுங்க"

இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். உயிர் போவது இங்கேதான்.

மே மாத மத்தியானம். அஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே நாற்பது டிகிரி. மெத் எடுத்த பையன் ஒருவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். பல்லை நறநறவென்று கடிக்கிறான். கண்மணி கறுப்பாக விரிந்து கிடக்கிறது. ஜன்னலில் யாரோ நிற்பதாகக் கத்துகிறான். அம்மா கையைப் பிடித்தால் தோல் அடுப்பாகக் கொதிக்கிறது. வீட்டில் ஒருவர் திமிர் என்கிறார், இன்னொருவர் காத்துக் கருப்பு என்கிறார். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் வந்து அழுத்திப் பிடித்துக் கயிற்றால் கட்டுகிறார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? இந்தப் போதைப்பொருள் தோலடி ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் சூடு வெளியேற வழியில்லை. தசைகளோ ஓயாமல் சூட்டை உண்டாக்குகின்றன. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் அடிவாங்கும். கட்டியதும் அவன் கயிற்றோடு மல்லுக்கட்டுவான். தசை முறுக்க முறுக்கச் சூடு இன்னும் ஏறும், தசைநார்கள் சிதைந்து ரத்தத்தில் கலக்கும், சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போகும். குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்தால் மூச்சும் சேர்ந்து முட்டும். ஒரு கட்டத்தில் துள்ளல் சட்டென்று நிற்கும். "அப்பாடா, அடங்கிட்டான்" என்று எல்லோரும் மூச்சு விடுகிற அந்த நிமிடத்தில் இதயம் நின்றிருக்கக்கூடும்.

108-ஐக் கூப்பிடுங்கள். அது வரும்வரை கூட்டத்தைக் கலையுங்கள். குரலைத் தாழ்த்தி, அவனுக்குப் பழகிய ஒருவர் மட்டும் பேசட்டும். கத்தி, அரிவாள்மனை, கண்ணாடிப் பொருள்களை அப்புறப்படுத்துங்கள். ஃபேனைப் போட்டு, ஈரத் துணியைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாது, ஏனென்றால் இது காய்ச்சலே அல்ல. வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காமல், தலைக்கடியில் துணி கொடுத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

"இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு ஹார்ட் அட்டாக்கா? வாயுவா இருக்கும்"

மெத் இதயத்தின் ரத்தக் குழாய்களையும் இறுக்கும். அதற்கு வயது வித்தியாசம் தெரியாது. நெஞ்சுவலி, தாறுமாறான படபடப்பு, மண்டை பிளக்கும் தலைவலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓமத் தண்ணி காய்ச்ச நேரமில்லை. நிறைய எடுத்தால்தான் இப்படி ஆகும் என்பதும் தவறு. கவரில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது.

"மோர் குடுத்துத் தூங்க வெச்சா தெளிஞ்சிரும்"

நினைவு தடுமாறுகிறவன் வாயில் மோர், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம். தூக்கத்துக்கு வருவோம். ராத்திரி பகலாக விழித்தவன் மெத் இறங்கியதும் ஒன்றரை நாள் தூங்குவது உண்டுதான். தோளைத் தட்டினால் முனகி, புரண்டு படுத்தால் அது தூக்கம். தட்டியும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, தொண்டையில் கொரகொரவென்று சத்தம் கேட்டு, உதடு நீலம் பாய்ந்தால் அது தூக்கமில்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் டேபென்டடால் மாதிரியான வலி மாத்திரையும் உள்ளே போயிருக்கலாம். மெத்துக்கு முறிவு மருந்து கிடையாது. ஓபியம் வகைகளுக்கு நலாக்சோன் உண்டு, ஆனால் டேபென்டடாலுக்கு அது முழுதாகக் கேட்காமலும் போகலாம். அதனால்தான் மருத்துவர் "என்ன எடுத்தான்?" என்று கேட்கிறார். தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள், காலிக் கவரையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆயிரும்"

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லக்கூடும். ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. உபயோகித்த குற்றமோ சிறு அளவு தொடர்பான குற்றமோ சாட்டப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். பிள்ளை பிழைத்திருந்தால்தான் வழக்கைப் பற்றிப் பேசவே முடியும்.

"மூணு மாசம் அடைச்சு வெச்சா மறந்துடுவான்"

மறுபடியும் அதே கயிறு. மனநல மருத்துவச் சட்டம், 2017 போதை அடிமைத்தனத்தையும் நோய்க் கணக்கில் சேர்த்திருக்கிறது, சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. ஒரு மறுவாழ்வு மையத்தில் பதிவுச் சான்றிதழைக் கேட்டு அவர்கள் மழுப்பினால், பெற்றவர்களைப் பார்க்க விடமாட்டோம் என்றால், வாசலோடு திரும்பி வாருங்கள்.

மெத் பழக்கத்துக்கென்று ஒரே ஊசியில் விடுதலை தரும் மருந்து இல்லை. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, வெற்று மருந்தில் 2.5 சதவீதம். இதைவிட அதிகம் கைகொடுப்பது பேச்சுவழிச் சிகிச்சையும், சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சின்னப் பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தும் முறையும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே கேட்க 14446 போதை மீட்புக்கு, 14416 மனநலத்துக்கு.

நிறுத்திய முதல் இரண்டு வாரம் நிறையத் தூங்குவான், நிறையச் சாப்பிடுவான். "பையன் தேறிட்டான்" என்று வீடு நிம்மதியாகும் நாட்களில்தான் மனம் பாதாளத்துக்கு இறங்கும், சாகத் தோன்றும். ராத்திரி ஒருவர் பக்கத்தில் படுங்கள். மூன்றாவது மாதம் மறுபடி தொட்டுவிட்டானா? "இவ்வளவு செஞ்சும் புத்தி வரலையே" என்று அடுத்த தேதியை விட்டுவிடாதீர்கள். ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே கூட்டிப் போங்கள்.