எஞ்சின் ஒயிலை நாமே மாற்றுவோம்



ஊர் விட்டு ஊர் போய்த் திரும்பியவர்களிடம் ஆடு மாடு மிஞ்சவில்லை. வீட்டுக் கூரையும் மிஞ்சவில்லை. பலரிடம் இப்போது இருக்கும் பெரிய சொத்து ஒரு இயந்திரம்தான். அது சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்து மணல் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மெசினாக இருக்கலாம். அல்லது நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் லாண்ட்மாஸ்ரராக, அதாவது இரு சில்லு உழவு இயந்திரமாக இருக்கலாம். அந்தச் சொத்தைக் காப்பாற்றும் மிக எளிய வேலை, நேரத்துக்கு ஒயில் மாற்றுவது.

நாங்கள் இதைப் பட்டுத்தான் படித்தோம். எங்கள் குழுவுக்குப் பொதுவாக ஒரு லாண்ட்மாஸ்ரர் இருந்தது. ஒயிலை மற்றவர் மாற்றியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். பெரும்போக உழவின் நடுவில் எஞ்சின் இறுகி நின்றது. ஒரு சில போத்தல் ஒயிலுக்குப் பார்த்த செலவு, ஒரு போகத்தையே கொண்டுபோனது. மழை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

ஒயில் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை உரசுகின்றன. ஒயில் அவற்றுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுக்கிறது, சூட்டைக் குறைக்கிறது, கரியையும் தூசியையும் தன்னோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. அழுக்கைச் சுமந்து சுமந்து ஒரு கட்டத்தில் ஒயிலே அழுக்காகிவிடும். அதன்பின் மேலே புதிதாக ஊற்றினாலும் பயன் குறைவு. பழையதை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. அங்கே மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத மிச்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். அப்போது அளவுக்கம்பியில் ஒயில் கூடியிருப்பதுபோலத் தெரியும். ஒயில் மிச்சம் என்று மகிழக் கூடாது. ஒயில் தண்ணீராகிக்கொண்டு போகிறது என்பதே அதன் பொருள். ஆகவே மண்ணெண்ணெய் மெசின்களுக்கு ஒயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது?

பல சிறிய எஞ்சின்களுக்குப் புதிதில் முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் அல்லது 6 மாதத்துக்கும் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் இயந்திரத்துக்குரிய புத்தகம் இருந்தால் அது சொல்வதே சரி.

மணி காட்டும் கருவி இல்லையே என்கிறீர்களா? எரிபொருளை வைத்துக் கணக்கிடலாம். ஒரு லீற்றர் ஊற்றி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒருநாள் பாருங்கள். ஒரு மணித்தியாலம் ஓடினால், 100 லீற்றர் முடியும்போது 100 மணித்தியாலம். நாளுக்கு 3 மணித்தியாலம் வெங்காயத்துக்கு இறைத்தால் 33 நாளில் தவணை வந்துவிடும். 65 நாள் வெங்காயத்துக்கு இரண்டு தடவை ஒயில் மாற்ற வேண்டும் என்று இப்போதே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த ஒயில்?

சிறிய பெற்றோல் மெசினுக்கு எஸ்.ஏ.ஈ. 30 பொருந்தும், அது ஏறத்தாழ அரை லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும். டீசல் எஞ்சினுக்கு டீசலுக்கென்று எழுதப்பட்ட 15டபிள்யூ-40 அல்லது எஸ்.ஏ.ஈ. 40 வாங்குங்கள். லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்தின் மசகெண்ணெய் ஆலை நமது திருகோணமலையிலேயே இருக்கிறது. எந்தப் பெயரை வாங்கினாலும் மூடி உடையாத போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவென்று சில்லறையாக அளந்து விற்கும் ஒயிலை நம்ப வேண்டாம்.

செய்யும் முறை

1. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி 5 நிமிடம் ஓட விடுங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இளகி அழுக்கோடு இறங்கும். பின் நிறுத்துங்கள். பெற்றோல் மெசினாயின் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

2. ஒயில் மூடியையும் அடி நட்டையும் சுற்றித் துணியால் துடையுங்கள். நம் ஊர் மணலில் ஒரு சிட்டிகை உள்ளே போனால் அது அரம் போல அராவும்.

3. முதலில் மேல்மூடியைத் திறவுங்கள். பிறகு அடியில் பேசின் வைத்து, நட்டைச் சரியான அளவு ஸ்பனரால் இடப்பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் மெதுவாகக் கழற்றுங்கள். ஒயில் சூடாக இருக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

4. 15 நிமிடம் வடிய விடுங்கள். வடிந்ததை உற்றுப் பாருங்கள். டீசல் எஞ்சினில் கறுப்பு நிறம் வழமையானது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுங்கும் இரும்புத் தூள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. இந்த இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

5. சிறிய பெற்றோல் மெசின்களில் பெரும்பாலும் பில்டர் இல்லை. டீசல் எஞ்சின் சிலவற்றில் கம்பிவலை இருக்கும். அதைக் கழற்றி டீசலில் கழுவி, உலர்த்திப் பூட்டலாம். திருகிப் பூட்டும் பில்டராயின் புதிதுதான் போட வேண்டும். பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்டபின் முக்கால் சுற்று போதும்.

6. அடி நட்டை அதன் வாசரோடு பூட்டுங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம். அலுமினிய உடலில் புரி அறுந்தால் பெரிய செலவு.

7. புதிய ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவுக்கம்பியில் பாருங்கள். இரு கோடுகளுக்கும் நடுவே, மேல்கோட்டை ஒட்டி நிற்கட்டும். அதற்கு மேல் போவதும் கேடுதான்.

8. மூடியைப் பூட்டி 2 நிமிடம் ஓட விடுங்கள். கசிவு பாருங்கள். நிறுத்தி 5 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள்.

கார், முச்சக்கரவண்டி வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவே. ஆனால் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

கிடந்த இயந்திரம், நனைந்த இயந்திரம்

2006இல் சம்பூரை விட்டு வெளியேறியவர்களில் பலருக்கு 2015க்குப் பின்னரே காணி திரும்பக் கிடைத்தது. அப்படி நெடுங்காலம் கிடந்த இயந்திரத்தை எடுத்தவுடன் ஸ்ராட் செய்யாதீர்கள். பழைய ஒயிலை வடித்துப் புதிது ஊற்றி, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்த பின்பே ஸ்ராட் செய்யுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி நம் கரையோரத்தில் எத்தனையோ மெசின்களைக் கடல்நீரில் மூழ்கடித்தது. மாரி வெள்ளத்திலும் இது நடக்கலாம். நனைந்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. வெளியே நல்ல தண்ணீரால் கழுவி, உள்ளிருக்கும் ஒயிலையும் நீரையும் வடித்து, புதிய ஒயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி நிரப்ப வேண்டும்.

பழைய ஒயிலை என்ன செய்வது?

நிலத்தில் ஊற்றாதீர்கள். நம் மண் மணல், கிணறுகளோ ஆழமில்லாதவை. இன்று மெசினடியில் ஊற்றியது நாளை குடிதண்ணீரில் மிதக்கும். மூடியுள்ள கானில் சேர்த்து வைத்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜிலோ சேர்விஸ் நிலையத்திலோ கொடுங்கள். வேலி மரங்களுக்குக் கறையானுக்காகப் பூசும் பழக்கமும் நல்லதல்ல. கையில் பட்டதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கொப்பியும் பொறுப்பும்

எங்கள் குழு பிறகு இரண்டு முடிவுகள் எடுத்தது. இயந்திரத்துக்கு ஒருவர் பொறுப்பு. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் ஒரு கொப்பி. ஊற்றிய எரிபொருளும் ஒயில் மாற்றிய தேதியும் அதில் இருக்கும். எழுதுவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான்.

ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியர் உவமையில் எல்லோரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெயை முன்கூட்டியே எடுத்து வைத்தவர்கள் ஐந்து பேர்தான். மணமகன் வந்தபோது மற்றவர்கள் கடைக்கு ஓடினார்கள். முதல் மழை வரும்போது நாம் எந்தப் பக்கம் நிற்போம்?

குழுவில் கலந்துரையாட

1. நம் இயந்திரத்துக்குக் கடைசியாக எப்போது ஒயில் மாற்றினோம்? யாருக்குத் தெரியும்?

2. அடுத்த ஒயிலுக்கான பணத்தை யார், எப்போது சேர்ப்பது?

3. நம் கிராமத்தின் பழைய ஒயில் இப்போது எங்கே போகிறது?