ஸ்மார்ட் விளக்கின் கட்டளைகள்: நம்புவதும் நடப்பதும்

காசு கொடுத்து வாங்கிய விளக்கு எந்தக் கட்டளைக்குப் பணிகிறது என்று அறிய நமக்கு உரிமை உண்டு, வழியும் உண்டு. குறுக்கே நிற்பவை சில தவறான எண்ணங்கள்.

நம்பிக்கை 1: இணையமும் நிறுவன சர்வரும் இல்லாவிட்டால் ஸ்மார்ட் விளக்கை இயக்க முடியாது.

உண்மை: பல விளக்குகள் வீட்டு வைஃபைக்குள்ளேயே கட்டளை வாங்கிக்கொள்ளும். விஸ் விளக்குகள் யுடிபி போர்ட் 38899-இல் ஜேசன் செய்திகளை ஏற்கின்றன. லைஃபெக்ஸ் நிறுவனமோ போர்ட் 56700-இல் இயங்கும் தன் நெறிமுறையைத் தானே வெளியிட்டிருக்கிறது.

நம்பிக்கை 2: விளக்கைப் பிரித்து சிப்பை ஆராய்ந்தால்தான் கட்டளை தெரியும்.

உண்மை: பெரும்பாலும் திருப்புளியே தேவைப்படாது. விளக்கின் செயலியைக் கணினியில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் ஓடவிட்டு, நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாக்கெட்டுகளைப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பொத்தானை அழுத்தி, எந்த பைட் மாறுகிறது என்று பாருங்கள். மேஜிக் ஹோம் வகை கன்ட்ரோலர்களுக்கு டிசிபி போர்ட் 5577 வழியே போகும் 'ஆன்' கட்டளை, தசம எண்களில் 113, 35, 15, 163. 'ஆஃப்' கட்டளை 113, 36, 15, 164. இரண்டாம் எண்தான் ஆனா ஆஃபா என்று சொல்கிறது. கடைசி எண் முதல் மூன்றின் கூட்டுத்தொகை. செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க அது உதவுகிறது. இதைக் கண்டுகொண்டால் நம் நிரலே அந்த விளக்கை இயக்கும்.

நம்பிக்கை 3: படிக்க முடியாத செய்தி பாதுகாப்பான செய்தி.

உண்மை: டிபி-லிங்க்கின் பழைய காசா சாதனங்கள் 171 என்ற எண்ணில் தொடங்கும் எக்ஸ்ஓஆர் என்ற எளிய பிட் கணக்கு முறையில் செய்தியை மறைத்தன. ரகசியச் சாவி கிடையாது. முறை தெரிந்த யாரும் பிரித்துப் படிக்கலாம். லைஃபெக்ஸ் விளக்குகள் வலுவான ஏஇஎஸ் குறியாக்கத்தையே பயன்படுத்தின. ஆனால் எல்லா விளக்குக்கும் ஒரே சாவி. 2014-இல் ஆய்வாளர்கள் ஃபர்ம்வேரிலிருந்து அதை எடுத்து, வைஃபை கடவுச்சொல்லையே படித்துக் காட்டினார்கள். பிறகு நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டு ஓட்டையை அடைத்தது.

நம்பிக்கை 4: இப்படி ஆராய்வதே சட்டவிரோதம்.

உண்மை: மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், தனியாக எழுதிய நிரல் அதனுடன் இணைந்து இயங்கத் தேவையான, வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலைக் கண்டறிய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு இடம் தருகிறது. அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதியின்றி நுழைய அது உரிமை தராது.

இனி விளக்கு வாங்கும்போது, இணைய இணைப்பைத் துண்டித்தாலும் வேலை செய்யுமா என்று கேளுங்கள். செய்யும் என்பதையே வாங்குங்கள்.