அம்மாவுக்கும் நகரம் திறந்திருக்கிறது

கேள்வி: என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து நிரந்தர வதிவிட உரிமையோடு ஸ்கார்பரோவுக்கு வந்துவிட்டார். ஆங்கிலம் தெரியாததால் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். டொரண்டோ நகரசபை ஏதாவது உதவி செய்யுமா?

செய்யும், அதுவும் தமிழிலேயே. முதலில் நகரசபையின் 311 என்ற சேவை எண்ணை அம்மாவின் கைபேசியில் பதிந்து கொடுங்கள். 180-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசலாம். அம்மா "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். குப்பை எடுக்கும் நாளா, பனி அள்ளாத நடைபாதையா, அவரே கேட்கட்டும். முதல் அழைப்புக்கு மட்டும் பக்கத்தில் இருங்கள்.

அடுத்தது நூலகம். இந்தச் சனிக்கிழமையே கூட்டிப் போங்கள். பெயரும் முகவரியும் உள்ள அடையாளச் சான்று இருந்தால் அட்டை இலவசம். ஸ்கார்பரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் தட்டு நிறைய இருக்கும். ஊரில் வாசித்துப் பழகியவர் என்றால், அந்தத் தட்டின் முன் நின்றதுமே முகம் மாறிவிடும். சில கிளைகளில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவும் பணியாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள். மத்திய அரசின் நிதியில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்புக்கு எங்கே, எப்படிப் பதிவது என்று அவர்களிடமே கேளுங்கள். வகுப்பில் அவர் வயதுக்காரர்களே நாலு பேர் கிடைப்பார்கள். பாதி மருந்து அதுதான்.

வருமானம் குறைவென்றால் நகரசபையின் 'வெல்கம் பாலிசி'க்கு விண்ணப்பியுங்கள். நீச்சல், உடற்பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கு அது உதவும்.

குடியுரிமைக்கு ஆங்கிலம் வேண்டுமே என்று அம்மா பயந்தால் சொல்லுங்கள்: 55 வயது நிரம்பியவர்களுக்கு மொழித் தகுதி கேட்பதில்லை.