சுறா உலவும் கடலில் பிள்ளைகளின் சர்ஃபிங்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையோரம் வசிக்கும் பெற்றோரே, பிள்ளை சர்ஃபிங் கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் இடத்தையும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

பலத்த மழை பெய்த பின் சில நாட்களுக்கு ஆற்று முகத்துவாரம் பக்கமே போக வேண்டாம். கலங்கிய நீரில் காளைச் சுறா (bull shark) தாராளமாக இரை தேடும்; கோடையில் அது சிட்னி துறைமுகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. விடியலையும் அந்தியையும் தவிருங்கள். பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து மீன் பிடித்தால், அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உடனே கரையேறச் சொல்லுங்கள்.

சுறா நடமாட்டத்தை எச்சரிக்கும் ‘ஷார்க்ஸ்மார்ட்’ செயலி உதவும். ஆனால் அதற்குத் தகவல் அனுப்பும், கடலில் மிதக்கும் கண்காணிப்புக் கருவிகள், அடையாளக் கருவி பொருத்திய சுறாவை மட்டுமே கண்டறியும். எச்சரிக்கை வரவில்லை என்பதற்காகச் சுறா இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ரத்தத்தை நிறுத்தத் தெரிவது. 2003இல் ஹவாயில் 13 வயது பெத்தனி ஹாமில்டன் புலிச்சுறாவிடம் இடக்கையை இழந்தார். தோழியின் தந்தை சர்ஃப் பலகையின் கயிற்றால் காயத்துக்கு மேலே இறுகக் கட்டினார், சிறுமி பிழைத்தார். காலில் கடிபட்டால், அந்தப் பக்கத்து இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே முஷ்டியை வைத்து முழுபலத்தோடு அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமல், இன்னொருவரை 000 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இதைக் கற்கலாம், கற்க வேண்டும்.

இன்னொன்று: ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சுறாவைவிட அதிக உயிர்களைப் பறிப்பது, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். அதை அடையாளம் காண முதலில் பழக்குங்கள்.