விழுமியப் பன்மையும் சுதந்திரமும்: கல்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் போற்றும் விழுமியங்கள் பல. அவை தம்முள் முரண்படும். அம்முரணைத் தீர்க்கப் பொது அளவுகோல் ஒன்று இல்லை என்பது விழுமியப் பன்மைக் கொள்கை. இக்கொள்கையை ஏற்போர் சுதந்திரத்திற்கு மட்டும் தனி முதன்மை தர இயலுமா என்பது தாராளவாத அரசியல் சிந்தனையில் நெடுநாள் வினா. கல்பாக்கம் அணுமின் நிலையம், அணுசக்தித் தகவல் குறித்த சட்டம், செங்கல்பட்டுப் பகுதியில் ‘சுதந்திரம்’ என்னும் சொல் பெற்றிருந்த பழம்பொருள் ஆகியவற்றின் வழி அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விழுமியப் பன்மை, சுதந்திரம், விடுதலை, கல்பாக்கம், தகவல் உரிமை, பாதுகாப்பு.

1. முன்னுரை

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், மாமல்லபுரத்திற்கும் பாலாறு கடலில் கலக்கும் இடத்திற்கும் நடுவே அமைந்தது கல்பாக்கம். டச்சுக் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம் இதனை அடுத்துள்ளது. 1971இல் இங்கு அணு உலை ஆராய்ச்சி மையம் தோன்றியது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984 சனவரியிலும் இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக முறையிலான மின் உற்பத்தியைத் தொடங்கின. மீன்பிடித்தலையும் வேளாண்மையையும் நம்பி வாழ்ந்த கடற்கரை இவ்வாறு நாட்டின் ஆற்றல் திட்டத்திற்குள் வந்தது. மின்னாற்றல், அறிவியல் தற்சார்பு, வாழ்வாதாரம், உடல்நலம், அறியும் உரிமை என்னும் விழுமியங்கள் இங்கு ஒரே நிலப்பரப்பில் எதிர்ப்படுகின்றன. விழுமியப் பன்மையை ஆராய்வதற்கு இவ்விடம் பொருத்தமானதாகும்.

2. விழுமியப் பன்மை

ஐசையா பெர்லின் 1958 அக்டோபர் 31 அன்று ஆக்சுபோர்டில் ஆற்றிய பேராசிரியர் பதவியேற்புரை, சுதந்திரத்தை இரு கருத்தாக்கங்களாகப் பிரித்தது. பிறர் தலையீடின்றி ஒருவர் செயல்படக்கூடிய பரப்பு எவ்வளவு என வினவுவது எதிர்மறைச் சுதந்திரம். ஒருவரை ஆள்வது யார் என வினவுவது நேர்மறைச் சுதந்திரம். இவ்வுரையின் இறுதிப்பகுதி விழுமியப் பன்மையை முன்வைக்கிறது. நீதி, இரக்கம், சமத்துவம், சுதந்திரம் முதலியன தனித்தனியே உண்மையான நன்மைகள். எல்லாவற்றையும் ஒருசேர முழுமையாக அடையத்தக்க வாழ்வமைப்பு கிடையாது என்பது அவர் நிலைப்பாடு.

இது சார்புவாதம் அன்று. ‘எல்லாம் அவரவர் விருப்பம்’ என்று சார்புவாதம் கூறும். பன்மைக் கொள்கையோ, மோதும் இரண்டும் மெய்யான நன்மைகளே என்கிறது. எனவே சரியான தெரிவிலும் இழப்பு உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டவர் கைவிட்டதன் மதிப்பை மறுக்க இயலாது. இழப்பை இழப்பென ஏற்பதே இக்கொள்கை சுமத்தும் முதற்கடமை எனலாம்.

3. சொல் காட்டும் பொருள்

பெர்லினின் பிரிவு தமிழ்ச் சொற்களில் ஓரளவு எதிரொலிக்கிறது. ‘விடுதலை’ என்பது ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கட்டிலிருந்து நீங்குதலைச் சுட்டுவது. ‘சுதந்திரம்’ தன்னால் ஆளப்படுதலைக் குறிக்கும் வடசொல். முன்னது எதிர்மறைக் கருத்தாக்கத்தையும் பின்னது நேர்மறைக் கருத்தாக்கத்தையும் நெருங்கி நிற்கின்றன. இன்றைய வழக்கில் இரண்டும் பெரும்பாலும் ஒருபொருட் கிளவிகளாய் ஆளப்படினும் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

‘சுதந்திரம்’ என்பதற்கு மூன்றாம் பொருளும் உண்டு. செங்கல்பட்டுப் பகுதியின் மிராசு வழக்கில், விளைச்சலிலிருந்து வழக்கப்படி ஒருவருக்குச் சேரவேண்டிய பங்கு இச்சொல்லால் குறிக்கப்பட்டது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ‘சுதந்தரம்’ வாரிசுரிமையைக் குறிப்பதும் இதனோடு ஒத்தது. இவ்வழக்கில் சுதந்திரம் என்பது தனியே விடப்படுதல் அன்று. பொதுவளத்தில் மறுக்கவொண்ணாத பங்கு உடைமையாகும்.

ஆயினும் இப்பங்குமுறையை ஏக்கத்தோடு நோக்குதல் பொருந்தாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, அம்மாவட்டப் பறையர் மக்கள் நிலமும் மனையும் இன்றி மிராசுதாரரைச் சார்ந்து வாழ்ந்த நிலையை அரசின் முன் வைத்தது. ஒரு சாராரின் சுதந்திரம் மற்றொரு சாராரின் கட்டாக இருந்தது. ஆகவே விழுமிய மோதல் சுதந்திரத்திற்கும் பிற விழுமியங்களுக்கும் இடையில் மட்டுமன்றிச் சுதந்திரத்தின் உள்ளேயும் நிகழ்வது என்பது பெறப்படும்.

4. கல்பாக்கத்தில் மோதும் நன்மைகள்

மேற்கண்ட மூன்று பொருள்களையும் கல்பாக்கத்தோடு பொருத்திக் காணலாம். மின்னாற்றல் சுதந்திரத்திற்கு அயலானது அன்று. இரவில் படிக்கும் மாணவர்க்கும், நீரிறைக்கும் உழவர்க்கும், மருத்துவமனை நோயாளிக்கும் அது செயற்பரப்பை விரிக்கிறது. அதே உலையின் பொருட்டு அதனைச் சுற்றிக் குடியிருப்பு விலக்கப்பட்ட பகுதி வேண்டப்படுகிறது. அதற்கு அப்பால் 5 கி.மீ. வரை மக்கள் பெருக்கத்தைத் தூண்டும் புதிய வளர்ச்சியும் கட்டுப்படுத்தப்படுகிறது. இங்குக் கரையோர மக்களின் செயற்பரப்பு சுருங்குகிறது. கரையும் கடலும் அவர்களுக்குத் தலைமுறைப் பங்கு. அப்பங்கு குறைந்ததற்கு ஈடாகத் தரப்படும் தொகை ஒருவகை நன்மையே எனினும், இழந்ததனோடு ஒரே தட்டில் நிறுக்கத்தக்கது அன்று. ஈட்டுத்தொகை பெற்றவர் தம் கரையைப் பற்றித் தொடர்ந்து பேசுவதைப் பேராசையெனக் கொள்ளுதல் விழுமியங்களின் இயல்பை அறியாமையாகும்.

5. மறைப்பும் நிறுத்தலும்

தன்னாட்சி என்னும் பொருளில் சுதந்திரம் சோதிக்கப்படுவது தகவல் குறித்த வினாவில் ஆகும். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், 18ஆம் பிரிவின்வழி, அணு நிலையங்கள் பற்றிய தகவல் வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. அணு நிலையங்களின் பாதுகாப்புக் குறைகள் பற்றி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1995இல் உருவாக்கிய அறிக்கையை வெளியிடக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்காடியது. தகவல் அறியும் உரிமை அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் அடங்குவதை ஏற்ற உச்ச நீதிமன்றம், நாட்டின் பாதுகாப்புக் கருதிய கட்டுப்பாடு செல்லும் எனக் கொண்டு 2004 சனவரியில் கோரிக்கையை மறுத்தது.

இங்கு ஒரு சொல் நுணுகி நோக்கத்தக்கது. உலையருகே வாழ்வோர் தீங்குறாமையும், பகைவரிடமிருந்து நாடு காக்கப்படுதலும் தமிழில் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. இவ்விரண்டும் வேறுவேறு விழுமியங்கள். முன்னதற்கு வெளிப்படைத்தன்மை துணை. பின்னதற்குச் சிலபோது மறைபொருள் துணை. ஒன்றன் பெயரால் மற்றொன்றை மறைக்கும்போது, மோதல் நிகழ்ந்ததே தெரியாமல் போகிறது. 2003 சனவரியில் கல்பாக்கம் எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் ஆறு ஊழியர் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளான செய்தி, மாதங்கள் பல கழிந்த பின்னரே பொதுமக்களிடையே பரவியது. இத்தகைய இடைவெளியில் நாட்டின் காப்பு பெற்றது யாது, ஊழியரும் ஊராரும் இழந்தது யாது என்பதை நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்கு இல்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 8(2) பிரிவில், விலக்களிக்கப்பட்ட தகவலாயினும் அதனை வெளியிடுவதால் விளையும் பொதுநலன் காக்கப்படும் நலனுக்கு நேரும் தீங்கினும் மிகுமாயின் வெளியிடலாம் என இடமளித்தது. இரு நலன்களும் மெய்யானவை, ஒன்று மற்றொன்றில் கரைவதில்லை என்ற பன்மைப் பார்வை இப்பிரிவில் அமைந்திருத்தல் காணலாம்.

6. எதிர்வாதமும் விடையும்

விழுமியங்கள் பலவாயின் சுதந்திரமும் அவற்றுள் ஒன்றே. அதற்கு முதன்மை தரும் தாராளவாதம் பன்மைக் கொள்கையிலிருந்து பிறவாது என்று ஜார்ஜ் கிரௌடர் 1994இல் வாதிட்டார். பின்னர் 2002இல் வெளிவந்த நூலில் பன்மையிலிருந்தே தாராளவாதத்திற்கு வழியுண்டெனத் தம் நிலையை மாற்றிக்கொண்டார். எனினும் முதல் எதிர்வாதம் வலிமையானது. மக்களுக்கு ஆற்றல் பாதுகாப்பே முதன்மை என ஓர் அரசு கூறின், பன்மைக் கொள்கை மட்டும் கொண்டு அதனைத் தவறென நிறுவ இயலாது.

கல்பாக்கம் தரும் விடை அளவிற் சிறியது, ஆயினும் உறுதியானது. பொது அளவுகோல் இல்லாதபோது, எதை எதற்காக இழப்பது என்பது கணக்கிட்டு அறியும் செய்தி அன்று. தீர்மானிக்க வேண்டிய செய்தி. அத்தீர்மானத்தில் இழப்பைச் சுமப்போர்க்கு இடம் வேண்டும். அவ்விடம் பொருளுடையதாக, தட்டுகளில் இருப்பவை யாவை என அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். எனவே அறியும் சுதந்திரம் தட்டில் வைக்கப்படும் எடைகளுள் ஒன்றாய் இருப்பதோடு, நிறுத்தலையே இயலச் செய்யும் தராசின் நாவாகவும் உள்ளது. இதனால் சுதந்திரத்தின் எல்லா வடிவங்களுக்கும் முதன்மை கிடைத்துவிடாது. உலையின் வடிவமைப்பு நுட்பங்கள் யாவும் வெளியிடப்பட வேண்டும் என்பதும் பெறப்படாது. மறைப்பவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்பதும், அக்காரணம் தகவலுக்குத் தகவல் தனித்தனியே காட்டப்பட வேண்டும் என்பதுமே பெறப்படும்.

7. முடிவுரை

சுதந்திரம் கட்டு நீங்குதல், தன்னை ஆளுதல், பொதுவளத்தில் பங்குடைமை என மூன்று பொருள்களில் தமிழ் வழக்கில் நிலவியுள்ளது. மூன்றும் ஒன்றாகா, ஒன்றை மிகுத்தால் மற்றொன்று குறையலாம். பன்மைக் கொள்கை அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாவா என்பதற்கு விடை கூறாது. வேண்டும் எனத் தெளிந்தாலும் கரையோர மக்களின் இழப்பு இழப்பாகவே நிற்கும் என்பதையும், அவ்விழப்பை அவர்கள் அறியாதபடி மறைத்து எடுக்கப்படும் தெரிவு சமூகத்தின் தெரிவு ஆகாது என்பதையும் அது உணர்த்துகிறது.