ரசம் சோறு மட்டும் போதாது

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், மருந்துக்கு முன்னாடி உள்ளே நுழைவது பத்தியம்தான். முட்டை சூடு, தயிர் சளி, பருப்பு வாயு, கறியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. நலம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டுப் போகிறார்கள். மிஞ்சுவது ரசம் சோறு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கிய 1954க்கும் இன்றைக்கும் நடுவில் வைத்தியம் எவ்வளவோ மாறிவிட்டது. விசாரிக்க வருகிறவர்களின் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வீட்டிலும் இதே கதை. வருஷக்கணக்காகப் புகையிலை அடக்கிய கன்னத்தில் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் புற்று. ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிற கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள், கூடவே கீமோ. வார நாட்களில் சேலத்தில் சொந்தக்காரர் வீடு, சனி ஞாயிறு மலை.

இரண்டு வாரம் தாண்டியதும் வாய் வெந்துபோனது. எச்சில் விழுங்கினாலே எரிச்சல். இந்தக் கட்டத்தில்தான் எடை சரசரவென்று இறங்கும். உடம்பு ரொம்பத் தளர்ந்தால் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டிவரும், நிறுத்தினால் பலன் குறையும். மருத்துவமனையின் டயட்டீஷியன் சொன்ன கணக்கு எளிது: ஒரு கிலோ எடைக்கு தினமும் 1 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ இருப்பவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. ரசம் சோற்றை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எட்டவே முடியாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் அளவு வேறு, டாக்டரைக் கேட்க வேண்டும்.

அந்த அம்மாவின் மருமகள் புதிதாக எதையும் வாங்கவில்லை. மலையில் விளைகிற சாமையை லேசாக வறுத்து, ரவையாக உடைத்து, பால் விட்டுக் குழைய வேகவைத்தாள். கொதிக்கும்போதே அடித்த முட்டையை நூலாக ஊற்றிக் கிண்டி, பச்சை வாசம் போய் முழுக்க வேகும்வரை அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி நெய் விட்டு, திப்பி இல்லாமல் வடிகட்டினாள். நன்றாக ஆறிய பிறகுதான் டம்ளருக்கு வந்தது. சேர்வராயன் மலையின் பெருமையான மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் அந்த வாரங்களில் விடுமுறை. புண்ணில் காரமும் புளிப்பும் பட்டால் அடுத்த வாய் இறங்காது.

“அத்தை, நாலு வாய் போதும். மறுபடி ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தர்றேன்.”

இந்த நாலு வாய்தான் சூட்சுமம். தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே குமட்டும். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு போட்டுக் கொப்பளித்துத் துப்பினால் வாய் கொஞ்சம் இதமாகும். அப்படியும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். அதைக் கண்டதும் 'கடைசிக் காலம்' என்று அழுகிற வீடுகள் உண்டு. வாய் ஆறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற ஏற்பாடு அது. பெரும்பாலானவர்களுக்குப் பிறகு கழற்றிவிடுவார்கள்.

கீமோ ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்களின் கவுண்ட் இறங்கும். அப்போது ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தரக் கூடாது. ஏரிக்கரையில் நறுக்கி வைத்திருக்கும் பழம் வேண்டாம், வீட்டில் கழுவித் தோலுரித்த வாழைப்பழம் சரி. காய்ச்சாத மலைத்தேனும் அந்த நாட்களில் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் போட்டுப் பார்க்கிற வேலையே கூடாது, உடனே மருத்துவமனை. மலையில் இருப்பவர்கள் தெர்மாமீட்டரோடு, ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற வண்டிக்காரர் நம்பரையும் வைத்திருப்பது நல்லது.

முள்சீத்தா இலைக் கஷாயத்தைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அது மனிதர்களுக்குப் புற்றைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆய்வுச் சான்று கிடையாது. பம்ப்ளிமாஸ் பழமோ, சில மருந்துகள் உடம்பில் வேலை செய்கிற அளவையே மாற்றிவிடும். இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் தொடாதிருப்பது உத்தமம்.

ஏற்காடு சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் தனிப் பிரச்சினை. வெறும் வயிற்றோடு ஏறினாலும் வாந்தி, வயிறு முட்ட ஏறினாலும் வாந்தி. வாய்ப்புண் இல்லாதவர்கள் கொஞ்சம் பொரி கொறிக்கலாம். டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்வது பலருக்குக் கைகொடுக்கிறது.

கரண்ட் முடிந்த பிறகும் ருசி திரும்பச் சில மாதம் ஆகும். எச்சில் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும் என்பதால் ஒட்டுகிற மிட்டாய் கூடாது. புகையிலைக்கோ இனி இடமே இல்லை. அந்த அம்மா டயட்டீஷியனிடம் கேட்டது ஒரே கேள்வி: கறிக்குழம்பு எப்போது? காரமில்லாமல், கறியை வேகவைத்து அரைத்துக் குழம்பில் கரைத்துத் தரலாம் என்று பதில் வந்தது. நாட்டுக்கோழிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரிடம், அதை அரைக்க மிக்ஸி தாங்காது, பிராய்லரே போதும் என்று மருமகள் சொல்லிவிட்டாள்.